இரண்டும் இடது கால்

கல்யாண ஆல்பம் செய்கிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் திருத்தத் தோன்றும். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கன்னத்தில் ஒரு பரு இருந்தால் போதும், என் ஆள்காட்டி விரல் தானாக ஒரு கிளிக் போடும். அஸ்தம்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில் எட்டு வருடம் வேலை பார்த்து, பிறகு அதே வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டவள் நான். மாப்பிள்ளைகளின் வியர்வையைத் துடைத்திருக்கிறேன். குரூப் போட்டோவில் கண்ணை மூடிக்கொண்ட தாய்மாமனுக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டியிருக்கிறேன். மேடைக்குப் பின்னால் தொங்கிய சீரியல் லைட் ஒயர், நாற்காலிக்கு அடியில் உருண்ட தண்ணீர் பாட்டில், பந்தியில் கொட்டாவி விட்டவரின் வாய், எல்லாம் என் கையால் மறைந்தவை. மணப்பெண்ணின் ஒரு காது ஜிமிக்கி முடிக்குள் ஒளிந்திருந்தால் மறு காது ஜிமிக்கியை நகல் எடுத்து, திசை மாற்றித் திருப்பி, ஒட்டிவிடுவேன். இதுவரை ஒரு மணப்பெண்ணும் வந்து சண்டை போட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டின் முன் அறை என் கணவருடையது. அவர் வெள்ளிக் கொலுசு செய்கிறவர். சேலத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை, எங்கள் தெருவிலேயே ஐந்தாறு வீட்டில் இதே வேலைதான். கம்பியை வளைத்துக் கண்ணி கண்ணியாகக் கோத்து, ஒட்டுப் பொடி வைத்து, நெருப்பை ஊதிப் பற்றவைத்து, வெள்ளி முத்து பதித்து, கொக்கி மாட்டி ஒரு ஜோடி முடிப்பதற்குள் முதுகு வில்லாகிவிடும். இருபது வருடமாக அடுத்தவர் கொடுக்கும் மாதிரியைத்தான் செய்துகொண்டிருந்தார். வியாபாரி ஒன்றைக் கொடுப்பார், இவர் அதைப் போலவே செய்து தருவார். அது எந்த ஊருக்குப் போகிறது, யார் காலில் ஏறுகிறது என்பதெல்லாம் இவருக்குத் தெரியாது.

போன தை மாதம்தான் முதல் முறையாகத் தன் மனதில் இருந்த ஒரு டிசைனைக் கையில் எடுத்தார். சின்னச் சின்ன மாங்காய்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் நுனியும் முன்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும். இரண்டு மாங்காய்க்கு நடுவே ஒரு முத்து. கூலி வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் செய்ததால் அந்த ஒரு ஜோடிக்கு நான்கு மாதம் ஆனது.

கோபிப் பக்கம் ஒரு நகைக்கடை இருக்கிறது. ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா நடத்துகிறார். கை வேலைக் கொலுசு மட்டும்தான் வாங்குவார் என்று கேள்விப்பட்டு, இவர் எங்கெங்கோ விசாரித்து நம்பர் வாங்கி, நான்கு நாள் தயங்கி, ஐந்தாம் நாள் பேசினார். "படம் அனுப்புங்க சாமி, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் அந்த அம்மா. அவருக்கு டிசைன் பிடித்துவிட்டால் இனி இவர் தன் மாதிரியைத் தானே செய்து கொடுக்கலாம். பிடிக்காவிட்டால் பழையபடி அடுத்தவர் மாதிரிதான். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் சோற்றில் மோரை ஊற்றி, அதன் மேல் ரசத்தையும் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். என்ன சாப்பிடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

படம் என் பொறுப்பு. "ஆயிரம் பொண்ணுகள அழகாக்கி இருக்கறேன், ஒரு கொலுச ஆக்க மாட்டனா?" என்று பெருமை பேசித்தான் ஆரம்பித்தேன்.

வெள்ளியைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். எதிரே எது இருந்தாலும் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். முதல் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கினால் ஒவ்வொரு முத்திலும் நான் இருந்தேன். சிவப்புப் பூப்போட்ட நைட்டியில், குண்டாக, குனிந்துகொண்டு, கையில் போனோடு. கணவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இத்தன பேரு இருந்துமா இந்த ஊட்ல பாத்தரம் கழுவாமக் கெடக்குது?"

அவரைத் துரத்திவிட்டு, முத்து முத்தாகப் போய் என்னை நானே அழித்தேன். ஒரு காலை நேரம் முழுக்கப் போயிற்று. நைட்டி போனது, கூடவே வெள்ளியும் போய்விட்டது. சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாக ஏதோ கிடந்தது. "அலுமினியச் சட்டியாட்டம் இருக்குது" என்றார். எரிச்சலாக வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. எதையாவது வாங்கிக் காட்டினால்தான் அது வெள்ளி. அப்புறம் மொட்டை மாடியில் அவருடைய புது வேட்டியைக் கொடிக்கயிற்றில் கூடாரம்போலக் கட்டி, அதற்குள் கொலுசை வைத்து, காலை வெயில் வேட்டியில் பட்டு உள்ளே இறங்கும் நேரத்தில் எடுத்தேன். முத்தெல்லாம் வெள்ளை வேட்டியை வாங்கிக்கொண்டு பளபளத்தன. எனக்கு ஒரு குதி குதிக்கலாம்போல் இருந்தது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா?

கருப்புத் துணியில் இரண்டு கொலுசையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் படுக்க வைத்து எடுத்த படம் அது. திறந்ததும் ஒன்று கண்ணில் குத்தியது. வலது கால் கொலுசு இடதைவிட இரண்டு கண்ணி நீளம். மறுபடியும் பார்த்தேன், பெரிதாக்கி எண்ணினேன். இரண்டு கண்ணிதான். கணவர் மெருகு போடும் இடத்துக்குப் போயிருந்தார். போன் செய்து கேட்டிருக்கலாம். ஆனால் நான்கு மாதம் உழைத்தவரிடம் "ஒண்ணு நீளமாப் போச்சுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஜோடியைப் பிரித்துப்போட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார், கோபிக்குப் படமே போகாது. அவரை எனக்குத் தெரியும். புருசன் செய்த தப்பைப் பொண்டாட்டி மறைக்காமல் வேறு யார் மறைப்பது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

வலது கொலுசை அழித்தேன். இடதை நகல் எடுத்துத் திருப்பி அந்த இடத்தில் வைத்தேன். மாங்காய் நுனிகள் எதிரெதிராகச் சரியாக வந்து நின்றன. நிழல் ஒரே பக்கம் விழ வேண்டும் இல்லையா, அதற்குப் படத்தின் மேல் தனியாக ஒரு லேயர் போட்டு மெதுவாக வரைந்தேன். நான் செய்ததிலேயே சுத்தமான ஒட்டு வேலை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அவர் வந்ததும் படத்தைப் போனில் ஒரு நொடி காட்டினேன். "நல்லா இருக்குது அம்மிணி" என்றார். அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை, அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த அம்மாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. இருவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"படம் வந்துச்சுங்க. பாக்க லட்சணமாத்தான் இருக்குது. ஆனா நான் கை வேலைதானுங்க கேட்டேன்? இது அச்சுல ஊத்துனது. எடது கொலுசுல அஞ்சாவது மாங்காயில நுனி துளி மழுங்கி இருக்குது. வலதுலயும் அதே அஞ்சாவது மாங்காயில, அதே அளவுக்கு மழுங்கி இருக்குது. கையில செஞ்சா அப்படி வருமுங்களா? கை வேலைன்னு சொல்லி இப்படி அனுப்பாதீங்க சாமி. நான் சின்ன வயசுல இருந்து கொலுசு பாக்கறவ."

அவர் கையில் இருந்த தோசைத் துண்டு தட்டில் விழுந்தது.

"அச்சா?" என்றார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெருப்புப் பட்டுப் பட்டு அந்தக் கையில் கட்டை விரலுக்குப் பக்கத்துத் தோல் எப்போதும் வழுவழுவென்று இருக்கும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் இது அந்த அம்மாவின் தப்பாகப் போய்விடும். "அவங்களுக்குப் பார்வை மங்கலுங்க" என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். உண்மையைச் சொல்கிறேன், அடுத்த தோசையை ஊற்றித் திருப்பிப்போடும் வரைக்கும் நான் அப்படித்தான் யோசித்தேன். அந்த தோசை கருகியது.

அவர் கை கழுவிவிட்டு வந்து, "அந்தப் படத்தப் பெருசா காட்டு" என்றார்.

காட்டினேன். அவர் உட்காரவில்லை, நின்றபடியே மேசையில் கையூன்றிப் பார்த்தார். அதிக நேரம் ஆகவில்லை.

"ரெண்டும் எடது கால்து."

"ஆமாங்க."

"வலது எங்க?"

"அழிச்சுட்டனுங்க." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஒண்ணு ரெண்டு கண்ணி நீளமா இருந்துச்சு. நீங்க அசந்து போய் எச்சா கோத்துட்டீங்கன்னு நெனச்சேன். சொன்னாச் சங்கடப்படுவீங்கன்னுதான்..."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் முன் அறைக்குப் போய்க் கொலுசு இரண்டையும் எடுத்துவந்து, என் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"கால நீட்டு."

இடது காலில் ஒன்றை மாட்டினார். சரியாக இருந்தது. வலது காலில் அந்த நீளமான ஒன்றை மாட்டினார். அதுவும் சரியாக இருந்தது. இரண்டும் கணுக்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் வந்து உட்கார்ந்தன. நான் குனிந்து பார்த்தேன், பிறகுதான் மண்டையில் உறைத்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு ஏற்காடு ரோட்டில் வண்டியோடு விழுந்தேன். வலது கணுக்காலில் எலும்பு முறிவு. கால் வீங்கிப்போய், கல்யாணத்துக்குப் போட்ட கொலுசைக் கழற்ற முடியாமல், ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்தக் கணுக்கால் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அதற்கப்புறம் எந்த ஜோடியைப் போட்டாலும் ஒரு காலில் சரியும், மறு காலில் கடிக்கும். போதுமடா சாமி என்று விட்டுவிட்டேன். மல்லசமுத்திரத்தில் என் பிறந்த வீட்டு விசேஷத்துக்குப் போகும்போதெல்லாம், "கொலுசுக்காரரு பொண்டாட்டி வெறுங்காலோட வாரா பாரு" என்று யாராவது சீண்டுவார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு இலை போடப் போய்விடுவேன். நாளடைவில் என் இரண்டு காலும் இரண்டு அளவு என்பதையே மறந்துபோனேன். அவர் மறக்கவில்லை.

"எப்பங்க அளந்தீங்க?"

"நீ மத்தியானம் தூங்கறப்ப. நூல வெச்சு."

"கேட்டா நீட்டி இருக்க மாட்டனா?"

"கேட்டா நீட்டுவியா நீ? ஆல்பம் அவசரம்பே. அளவுக்கு வேற யாரு கால நான் தேடிட்டுப் போறது?"

மாதிரிக்கு ஒரு கால் வேண்டும், வீட்டில் கைவசம் ஒரு ஜோடி இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். எனக்கு அப்போது வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தப்பு என்று நினைத்து நான் அழித்தது என் சொந்தக் காலின் அளவை.

இப்போது கோபி அம்மாவிடம் எப்படிச் சரிசெய்வது? முதலில் எடுத்த அசல் படத்தை அனுப்பலாம். ஆனால் நீட்டிப் படுக்க வைத்தால் ஒன்று நீளம், ஒன்று குட்டை. 'அச்சும் இல்லை, கை சுத்தமும் இல்லை' என்று மொத்தமாகக் கதவைச் சாத்திவிடுவார்.

"கால்ல போட்டு எடு. கால்லதான் அது சரி" என்றார் அவர்.

"யாரு கால்ல?"

"வேற யாரு கால்ல?"

இங்கேதான் எனக்கு உதறல் எடுத்தது. ஆயிரம் மணப்பெண்களின் பாதத்தை வெண்ணெய் தடவியதுபோல ஆக்கியவள் நான். மருதாணிப் பாதம், மெட்டிப் பாதம், அம்மி மேல் வைத்த பாதம், எல்லாவற்றையும் வழவழப்பாக்கித்தான் ஆல்பத்தில் ஏற்றுவேன். என் குதிகாலோ மேட்டூர் கால்வாயில் தண்ணீர் நிறுத்திய மாதத்துத் தரைபோல வெடித்துக் கிடக்கும். பத்து நிமிடம் கொடுங்கள், கல்லில் தேய்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். "ஒண்ணும் வேண்டாம். வெயிலு போயிரும், வா" என்று மாடிக்குக் கூட்டிப்போய்விட்டார்.

படத்தை அவர்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளியிடம் உலகத்துப் பொறுமை எல்லாம் வைத்திருக்கும் மனிதர், போனிடம் கடுகளவும் வைத்திருக்கவில்லை. முதல் படத்தில் வானம். இரண்டாவதில் அவருடைய மூக்கு. பிறகு மாடித் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு என் பாதத்துக்கு நேராகப் போனைப் பிடித்தார். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த அக்கா பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, காலங்காத்தாலயே பொண்டாட்டி கால்ல உழுந்துட்டீங்க? என்ன தப்பு பண்ணுனீங்க?"

"தப்பு பண்ணுனது அவங்கங்க" என்றார் இவர், தலையைத் தூக்காமல். நான் சிரித்த சிரிப்பில் கால் ஆடி, அடுத்த மூன்று படமும் கலங்கிப்போயின. ஒரு வழியாக ஒன்று தேறியது. இரண்டு பாதமும் தரையில் ஊன்றி, இரண்டு கொலுசும் ஒரே மட்டத்தில், மாங்காய்கள் முன்பக்கம் பார்த்துக்கொண்டு. ஓரத்தில் அவருடைய கட்டை விரல்.

கம்ப்யூட்டரில் திறந்தேன். குதிகால் தெரிந்தது. ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது. வலது கணுக்காலின் பழைய வீக்கமும், பக்கத்தில் தையல் தழும்பும் தெரிந்தன. என் கை தன்னால் போய்த் தோல் திருத்தும் கருவியை எடுத்துவிட்டது. குதிகால் மேல் கருவியின் வட்டம் வந்து நின்றது. இரண்டே நிமிட வேலை. ஆனால் அந்த அம்மா மழுங்கிய மாங்காயையே எண்ணிப் பார்த்தவர். குதிகாலைத் தொட்டால் கொலுசையும் தொட்டிருப்பேன் என்றுதான் நினைப்பார். இரண்டு முறை கையை எடுத்து, மூன்றாவது முறை அந்த மென்பொருளின் பக்கத்தையே மூடிவிட்டேன். கணவரின் கட்டை விரலை மட்டும் போனிலேயே வெட்டினேன். கூடவே ஒரு குரல் பதிவும் அனுப்பினேன். "அம்மா, தப்பு என்னுதுங்க. அவரு செஞ்சது கை வேலைதானுங்க. ஒரு கொலுச நான்தான் கம்ப்யூட்டர்ல நகல் எடுத்துட்டேன். இது நெசப் படம். காலு என்னோடது, கோவிச்சுக்காதீங்க."

இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் அவர் என்னிடம் எப்போதும்போலத்தான் பேசினார், அதுவே எனக்கு வேதனையாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் அவருடைய போன் அடித்தது. முன் அறையில் வேலையில் இருந்தவர், கை அழுக்காக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். நான் அடுத்த அறையில் ஒரு வளைகாப்பு ஆல்பத்தை அப்படியே விட்டுவிட்டுக் கதவோரம் வந்து நின்றேன்.

அந்த அம்மா முதலில் சிரித்தார். வாய்விட்டு, நன்றாக, வெகுநேரம்.

"ஏனுங்க, நல்ல பொஞ்சாதிய வெச்சிருக்கீங்க போங்க! படத்த என்ற மருமகளுக்கும் காட்டுனேன். ரெண்டு கொலுசும் ஒரே எடத்துல உக்காந்திருக்குதுங்களே, அது எப்படீங்க?"

இவர் அளவு விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"என்ற எடது காலும் அப்படித்தானுங்க சாமி. ரெண்டாவது பிரசவத்துக்கு அப்பறம் வீங்குனது வத்தவே இல்ல. கொலுசுக் கடை வெச்சுட்டு நானே ஒழுங்கா ஒரு ஜோடி போட்டதில்ல. என்ற கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு இதையேதான் சொல்லுவாங்க. ரெண்டு காலுக்கும் தனித்தனியா நூல்ல அளவெடுத்து அனுப்பறேன். இதே மாங்கா டிசைன்ல செய்வீங்களா?"

"செய்யறனுங்க" என்றார் இவர். கதவோரம் நின்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இருபது வருடத்தில் முதல் முறையாக அவருடைய மாதிரியை வேறொருவர் கேட்கிறார். எனக்கு அந்தக் கோபி அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"சரிங்க. அப்ப முதல்ல அந்தப் படத்துல இருக்கற ஜோடிய அனுப்பி வைங்க. கடைல கண்ணாடிக்குள்ள வெச்சாத்தான் வர்றவங்களுக்குக் காட்ட முடியும்."

நான் அப்போதே மேசை டிராயரைத் திறந்தேன். படம் அனுப்பிய அன்றே ஜோடியைக் கழற்றி, ரோஸ் காகிதத்தில் மடித்து, கூரியர் கவருக்குள் போட்டு, அதில் தயாராக வைத்திருந்தேன். முகவரி எழுதுவதுதான் பாக்கி. பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது முன் அறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"அது வராதுங்க."

எனக்குத் திக்கென்றது. கைக்கு வந்ததைக் கெடுத்துவிடுவார்போல் இருக்கிறதே என்று கவரோடு ஓடினேன்.

"ஏனுங்க?" என்றார் அந்த அம்மா.

"அது எங்கூட்டு அம்மிணிக்குன்னு செஞ்சதுங்க. தை மாசம் ஆரம்பிச்சப்பவே அவங்களுக்குத்தான். படம் மட்டுந்தான் உங்களுக்கு. கூலி வேலைய ஒதுக்கி வெச்சுட்டு வேற ஜோடி பண்ணி அனுப்பறனுங்க, பத்து நாள் பொறுத்துக்கங்க."

நான் கவரைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மனது நிறைந்து வந்த அழுகை அது, மறைக்க ஒன்றுமில்லை. மறுமுனையில் அந்த அம்மா, "அப்படீங்களா? அப்ப நான் கேட்டதே தப்புங்க. பத்து நாளென்ன, ஒரு மாசம்கூட ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கவரை என்னிடமிருந்து வாங்கிப் பிரித்தார். "கொக்கிய நீயே மாட்டிக்க, என்ற கையெல்லாம் கரி" என்றார். நானே மாட்டிக்கொண்டேன். வளைகாப்பு ஆல்பம் அன்று ஒரு பக்கம்கூட நகரவில்லை. மதியத்துக்குள் தண்ணீர் குடிக்க ஆறு முறை அடுப்படிக்குப் போய்வந்தேன். தாகமெல்லாம் இல்லை.